நூற்று நாற்பத்தேழு பட்டன்கள்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நான்கு மாடியிலும் ஒரு பேச்சு இருக்கிறது. அபாண்டம். போகிற நேரம் பல சமயம் எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் நூல் அறுந்து தொலைக்கும்.

நான் தையல்காரி. இரண்டாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய முதல் வீடு. மெஷினை ஜன்னலோரம் போட்டால் வெளிச்சம் நன்றாக விழும்; ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடிகூட வேண்டாம். ஆனால் நான் வாசலோரம் போட்டிருக்கிறேன். காற்று வரும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பேசாத மனிதர். அதுவும் நல்லதுதான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேசினால் கேட்பதற்கு ஆள் வேண்டாமா?

மூன்றாம் மாடிக்கு எட்டு மாதத்துக்கு முன் ஒரு டீச்சர் குடிவந்தாள். தனி ஆள். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். இவ்வளவுதான் முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்தது. முப்பது நாளைக்கு இது மிகவும் குறைந்த வரவு. அளவு எடுக்க வந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் டேப்பைச் சுற்றினால் ஊர்க்கதை முழுக்கக் கொட்டுகிறவர்கள்தான் எனக்குப் பழக்கம். இவளோ, "இறுக்கம் வேண்டாம் அக்கா" என்றதோடு சரி.

அப்புறம் ஒரு விஷயம் தென்பட்டது. ஒவ்வொரு புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் ஒருவர் அவள் வீட்டுக்கு ஏறிப் போனார். நல்ல உயரம், சுருட்டை முடி, தோளில் கனமான பை. போகும்போது பை கனமாக இருக்கும்; இறங்கும்போது தொளதொளவென்று இருக்கும். நான் வேண்டுமென்று கவனிக்கவில்லை. கண் அங்கே இருந்தது, அவர் குறுக்கே வந்தார்.

கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறவரிடம் விசாரித்தேன். நான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர். அவரிடம் ஒரு சௌகரியம், கேட்கவே வேண்டாம், பக்கத்தில் போய் நின்றால் போதும்.

"அண்ணே, அந்தச் சுருட்டை முடிக்காரர்..."

"அதானே! நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். மூணாவது மாடிதானே? போன வாரம் ஒரு பூந்தொட்டி கொண்டு வந்தாரு."

"பூந்தொட்டியா?"

"பூ இல்லாத தொட்டி. ஆனா தொட்டி."

இரண்டு பேரும் நின்று யோசித்தோம். பூ இல்லாத தொட்டியைக் கொடுக்கிறவர் நீண்ட நாள் உறவை எதிர்பார்க்கிறார் என்று நான் முடிவு செய்தேன். அவரும் ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் முதல் மாடி முழுக்க டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இந்த நிலவரத்தில்தான் ஒரு நாள் டீச்சரே என் வாசலுக்கு வந்தாள். கையில் சுருட்டிய காகிதம், ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"அக்கா, துணியில ஒண்ணு தைக்கணும். சுவர்ல தொங்க விடற மாதிரி. பெருசா. நீங்க ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவோ அவ்வளவு."

"திரைச்சீலையா?"

"தனிம வரிசை அட்டவணை."

நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அட்டவணை என்னவோ இருக்கட்டும். ஆள் உட்கார்ந்துவிட்டாள், அதுதான் முக்கியம்.

அவள் காகிதத்தை விரித்தாள். கட்டம் கட்டமாக இருந்தது. எட்டுத் தூண், ஐந்து வரிசை. மேல் வரிசையில் மட்டும் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று, நடுவெல்லாம் காலி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பை தைக்க வேண்டும். மொத்தம் முப்பத்து நான்கு பை. பைக்குள் அந்தப் பொருள் சம்பந்தமாகத் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும். பையின் வாயில், விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தில் பெயர் அட்டை. பையின் மேல் பட்டன்.

"பட்டன் எதுக்கு டீச்சர்? மூடவா?"

"இல்லக்கா. அது எலக்ட்ரான். அணுவைச் சுத்தி எலக்ட்ரானெல்லாம் வட்டம் வட்டமா இருக்கும். அதுல கடைசி வட்டத்துல எத்தனை இருக்கோ, அத்தனை பட்டன். முதல் தூண்ல இருக்கறதுக்கெல்லாம் ஒண்ணு. ரெண்டாவது தூணுக்கு ரெண்டு. அப்படியே எட்டு வரைக்கும். நிஜ அட்டவணையில ரெண்டாவது தூணுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இன்னும் பத்துத் தூண் உண்டு. அதுங்க கணக்கு கொஞ்சம் சிக்கல். அந்த இடத்துல சும்மா ஒரு சாக்குத் துணிப் பட்டை வச்சுடுங்க, கைக்கு வித்தியாசம் தெரியட்டும்."

"கடைசி வட்டத்துக்கு மட்டும் பட்டன். உள்ள இருக்கற எலக்ட்ரானெல்லாம் பாவம் இல்லையா?"

"உள்ள இருக்கறதுங்க பக்கத்து வீட்டு விஷயத்துல தலையிடாதுக்கா. யார்கூடச் சேரலாம், யார்கிட்ட வாங்கலாம், யாருக்குக் குடுக்கலாம்னு பாக்கறதெல்லாம் வெளிவட்டத்துல நிக்கறதுதான்."

"அதாவது வாசல்ல உக்காந்திருக்கறது."

"அதேதான்" என்ற டீச்சர், என் மெஷின் போட்டிருக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆனால் எனக்கு விஷயம் பிடித்துப்போனது. கடைசி வட்டத்தில் எட்டு இருந்தால் நிறைவு. அதற்கு மேல் யாருக்கும் ஆசை கிடையாதாம். ஒரே ஒரு எலக்ட்ரான் வைத்திருக்கிற சோடியம் அதை எப்போது தள்ளிவிடலாம் என்று அலையுமாம். ஏழு வைத்திருக்கிற குளோரின் இன்னும் ஒன்றுக்காக எதிரில் வருகிறவரிடமெல்லாம் கையை நீட்டுமாம். இரண்டும் சந்தித்தால் உப்பு. டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இஸ்திரிக்காரர் முகம் சோடியம் கட்டத்தில் தெரிந்தது. ஒரு சேதி கிடைத்தால் அடுத்த ஆள் கையில் தள்ளும்வரை அவருக்குச் சட்டை மடிக்க வராது. குளோரின் கட்டத்தில் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு எப்போதும் ஏழு சேதி இருக்கும். எட்டாவது இல்லாமல் தூக்கம் வராது.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றிருந்தாள்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை மேலிடத்துலேர்ந்து ஒரு அதிகாரி வர்றார்க்கா. கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்கு வேதியியல் எதுக்கு, நிறம் மாறறதைப் பாக்க முடியாது, அமிலத்தைக் கையில கொட்டிக்கும்னு ஒரு அபிப்பிராயம். அடுத்த வருஷத்துலேர்ந்து அந்தப் பாடத்தையே நிறுத்திடலாமாங்கறாங்க. எங்க வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. கேள்விக்காரின்னுதான் கூப்பிடுவோம், ஒரு பாடத்தை முடிக்க விடமாட்டா. மருந்து ஆராய்ச்சிக்குப் போவேங்கறா. இந்தப் பாடம் இல்லேன்னா அந்தக் கதவே அவளுக்கு இல்ல. ஒரு வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு வகுப்பு."

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தைத்துத் தருகிறேன் என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்தாள். பிறகு நினைவு வந்ததுபோல் காகிதத்தின் வலது மேல் மூலையில் விரலை வைத்தாள்.

"இந்த ஒரு பை மட்டும் கவனம்க்கா. ஹீலியம். எட்டாவது தூண்லதான் இருக்கும், ஆனா ரெண்டே பட்டன்தான். ஏன்னா முதல் வட்டத்துல..."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷி என்ன செய்திருப்பாள்? காது கொடுத்துக் கேட்டிருப்பாள். ஆனால் டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். இன்னும் அரை நிமிடத்தில் படியேறிவிடுவாள். எனக்கு எட்டாவது சேதி இன்னும் வரவில்லை.

"அது கிடக்கட்டும் டீச்சர். புதன்கிழமை வர்றாரே, அவர் யாரு?"

டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். சிரித்தமாதிரியும் இருந்தது, சிரிக்காதமாதிரியும் இருந்தது.

"அவரும் இந்த அட்டவணைக்குத்தான் வேலை செய்யறார்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

ஹீலியமும் போச்சு, சுருட்டை முடியும் போச்சு.

நான்கு நாள் வேறு வேலை எடுக்கவில்லை. அடித்துணிக்குத் தடித்த டிரில் துணி. பைக்கு மெல்லிசாகக் காடாத் துணி. டப்பாவைக் கொட்டி எண்ணினேன். நூற்று நாற்பத்தேழு பட்டன். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. டீச்சர் கணக்கில் கெட்டிதான். ஒவ்வொரு பையாகத் தைக்கத் தைக்க, டீச்சர் எண் போட்டுக் கொடுத்திருந்த அட்டையை வாயில் தைத்து, அதில் வைக்க வேண்டியதையும் வைத்தேன்: கார்பனுக்குப் பென்சில் முனை, அலுமினியத்துக்குச் சப்பாத்தி சுற்றுகிற பளபளத் தாள், கால்சியத்துக்குச் சுண்ணக்கட்டி, அயோடினுக்குக் காயத்துக்குக் கட்டுகிற பஞ்சு. ஹீலியத்துக்கு ஊதாத பலூன் ஒன்று.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. துணியைச் சுவரில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். என் தொழிலில் எல்லாவற்றையும் தைத்து முடித்தபிறகு பட்டன் வரிசை நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். ஒன்றாவது தூண்: ஒன்று, ஒன்று, ஒன்று. சரி. இரண்டாவது: இரண்டு, இரண்டு, இரண்டு. சரி. இப்படியே வந்து எட்டாவது தூணுக்குப் போனால், மேலே ஹீலியத்தில் இரண்டு. அதன் கீழே எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

எனக்குத் திக்கென்றது. எட்டுப் பட்டன் தூணில் இரண்டு பட்டன் பை என்ன செய்கிறது?

சட்டைக்கு ஒரு பட்டன் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் தையல்காரிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முதலில் பட்டன் குறைகிறதோ என்று நினைத்தேன். ஆனால் டப்பா காலி. டீச்சர் எண்ணிக் கொடுத்தது சரியாக வந்திருக்கிறது. அப்படியானால் பட்டனில் தப்பு இல்லை. இடத்தில்தான் தப்பு. இரண்டு பட்டன் உள்ள ஹீலியம் இரண்டாவது தூணில் இருக்க வேண்டும். அங்கே பெரிலியத்துக்கு மேலே ஒரு கட்டம், ஆள் வராத நாற்காலி மாதிரி, காலியாகவும் இருக்கிறது! பாவம் டீச்சர். மனசெல்லாம் வேறு எங்கோ. பூந்தொட்டி யோசனையில் கட்டம் மாற்றிப் போட்டுவிட்டாள்.

மேலே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுக்காரர்கூட, வாழ்க்கையில் அபூர்வமாக வாயைத் திறந்து, "கேட்டுட்டுச் செய்யேன்" என்றார்.

"அவ பள்ளிக்கூடத்துல இருக்கா. நான் பட்டன் போட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சுங்க."

பிளேடை எடுத்து ஹீலியம் பையைப் பிரித்தேன். இரண்டாவது தூணின் தலையில் வைத்து அழகாகத் தைத்தேன். டிரில் துணியில் ஊசி ஏறிய ஓட்டை சுலபத்தில் மூடாது. ஆனால் அது எனக்குத் தெரியாதா? நகத்தால் தேய்த்தேன், தண்ணீர் தெளித்தேன், கீழே கொண்டுபோய் இஸ்திரிக்காரரிடம் கொடுத்து நன்றாகச் சூடு போடச் சொன்னேன்.

"எங்க பிரிச்சேன்னு தெரியுதா அண்ணே?"

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு உத்துப் பாத்தாலும் கண்ணுக்குத் தெரியலம்மா."

அந்தப் பதிலில் இருந்த கோளாறு எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் ஓட்டமாக வந்து, மடித்த துணியை வாங்கினாள். "நானும் வரேன்" என்றேன். "சுருக்கம் விழாம மாட்டணும்னா தைச்சவங்க கை வேணும்." உண்மையான காரணம், சுருட்டை முடிக்காரரும் வருகிறார் என்று சேதி கிடைத்திருந்தது.

வகுப்பறை நீளமானது. ஆறு பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டூலில் ஏறித் துணியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம். அதிகாரி சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். டீச்சர் அவரை வரவேற்கப் போனாள். துணியைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் சுருட்டை முடி. கிட்டத்தில் பார்த்தால் ஆள் லட்சணம்தான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் விவரமானவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், நீங்க பின்னாடி போய் நின்னுக்குங்க. என்ன ஆனாலும் பேசக் கூடாது. இருமக்கூடக் கூடாது. இந்தப் பிள்ளைங்க குரல்லேயே விடையைப் பிடிச்சிடும். நான் கேக்கறேன், அவங்க சொல்லட்டும்."

டீச்சர் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கேள்விக்காரி என்ற பெண் எழுந்து வந்தாள். பதினைந்து வயசு இருக்கும், ஒல்லி, விரல்கள் மட்டும் நீளம். துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரு தடவை தடவி, "புதுசா இருக்கே" என்றாள். மூன்றாவது வரிசைக்குப் போனாள்.

"ஒரு பட்டன். சோடியம். இருக்கற ஒண்ணைக் குடுத்துட்டா நிம்மதின்னு இருக்கும் சார். தண்ணில போட்டாக்கூடத் தண்ணிக்குக் குடுத்துட்டுக் கொதிக்கும்."

"இது?"

"ஏழு. குளோரின். இன்னொண்ணு வேணும். யார்கிட்டயாவது பிடுங்கினாத்தான் ஆச்சு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொந்தக்காரரைப் புகழ்ந்தமாதிரி இருந்தது.

"இதெல்லாம் மனப்பாடம் பண்ணியிருப்பே" என்றார் அதிகாரி. "நான் உன் கையை எங்க வைக்கறேனோ அதைச் சொல்லு." அவள் மணிக்கட்டைப் பிடித்து, துணியில் முப்பத்து நான்கு இடம் இருக்க, நேராக இரண்டாவது தூணின் தலையில் கொண்டுபோய் வைத்தார்.

எனக்குப் பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். டீச்சர் துணியை அப்போதுதான் முழுசாகப் பார்த்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், கட்டம் மாறிப் போனது யார் மனசு வேறெங்கோ இருந்ததால் என்று எனக்குப் புரிந்தது.

பெண் அட்டையைத் தடவினாள். "ஹீலியம்" என்றாள். பட்டனைத் தடவினாள். "ரெண்டு." கீழே இறங்கினாள். "பெரிலியம், மெக்னீசியம், கால்சியம்..." விரல் நின்றுவிட்டது.

"சொல்லு" என்றார் அதிகாரி. "ஒரே தூண்ல இருக்கறதெல்லாம் ஒரே குணம்தானே? மெக்னீசியம் நல்லா எரியும். அப்போ ஹீலியமும் எரியுமா?"

அவள் பைக்குள் விரலை விட்டு பலூனை எடுத்து முகர்ந்தாள். திரும்ப வைத்தாள். மற்றப் பிள்ளைகள் நெளிந்தார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

அவள் விரல்கள் மேல் வரிசையில் இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தன. சாக்குத் துணியைத் தாண்டின. காலி இடம், காலி இடம், காலி இடம். வலது மூலைக்கு வந்ததும் எறும்பு மாதிரி ஒரு சதுரம் சுற்றின. இன்னொரு தடவை சுற்றின. அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"இங்க ஒரு பை இருந்துது சார்."

"அங்க ஒண்ணும் இல்லையேம்மா."

"ஊசி ஓட்டை இருக்கு. வரிசையா, நாலு பக்கமும். மூலையில ரெட்டைத் தையல் போட்டிருக்காங்க, அங்க ரெண்டு ரெண்டு ஓட்டை. யாரோ பிரிச்சு அங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க. ஹீலியம் இங்கதான் இருக்கணும்."

அதிகாரி கிட்டப் போய், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார். "எனக்குத் தெரியலையே" என்றவர், கடைசியில் தன் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"சரி. ஓட்டை இருக்கு. அதுக்காக அங்கதான் இருக்கணும்னு எப்படிச் சொல்றே? ரெண்டு பட்டன்தானே?"

"ரெண்டுதான் சார். ஆனா மெக்னீசியத்துக்கு வெளிவட்டம் நிறையணும்னா எட்டு வேணும், இருக்கறது ரெண்டு. அதனால அந்த ரெண்டையும் குடுத்துட்டு, உள்ள நிறைஞ்சு இருக்கற வட்டத்தோட நின்னுடும். ஹீலியத்துக்கு இருக்கறதே ஒரு வட்டம். அதுல ரெண்டு பேருக்குத்தான் இடம். ரெண்டு பேரும் வந்தாச்சு, கதவைச் சாத்தியாச்சு. யாருக்கும் குடுக்காது, யார்கிட்டயும் கேக்காது. அதான் எட்டுப் பட்டன்காரங்ககூட நிக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தாள்: "இதை மாத்தினவங்க பட்டனை எண்ணியிருக்காங்க. வீடு நிறைஞ்சிருக்கான்னு பாக்கலை."

அதிகாரி மெதுவாகத் திரும்பினார். "டீச்சர், இது உங்க தப்பா?"

பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் டீச்சர் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். அதிகாரியின் பேனா காகிதத்தைத் தொட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது வாயைத் திறக்காவிட்டால் "ஆசிரியைக்கே அட்டவணை தெரியவில்லை" என்று எழுதிவிடுவார்; அந்தப் பெண் சொன்னதெல்லாம் அதன் அடியில் போய்விடும். இருபத்தாறு வருஷமாகத் தேவையில்லாத இடத்திலெல்லாம் திறந்த வாய், இப்போது பசை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டது.

"நான்தான் சார்" என்று எழுந்தேன்.

"நீங்க யாரு?"

"தையல்காரி சார். டீச்சர் சரியாத்தான் வரைஞ்சு குடுத்தாங்க. நான்தான் பிரிச்சு மாத்தினேன். எட்டுக்கு நடுவுல ரெண்டு இருக்கேன்னு. நேத்து மத்தியானம்தான் மாத்தினேன். டீச்சருக்கே தெரியாது."

"ஏன்னு கேட்டிருக்கலாமே?"

"சொல்ல வந்தாங்க சார். அப்போ நான் வேற ஒண்ணு கேட்டுட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

ஆறு பிள்ளைகளும் என் பக்கம் காதைத் திருப்பினார்கள். பக்கத்தில் இருந்த சுருட்டை முடிக்காரரும் ஆவலாகப் பார்த்தார். பூமி பிளக்கவில்லை. நான் எவ்வளவோ வேண்டியும் பிளக்கவில்லை.

"பக்கத்துல உக்காந்திருக்கற இவர் யாருன்னு கேட்டேன் சார்" என்றேன்.

முதலில் சிரித்தது கேள்விக்காரி. "எங்க மிஸ்ஸோட அண்ணன்! புள்ளி எழுத்து அச்சடிக்கறவர். இது உங்களுக்குத் தெரியாதா? இந்த அட்டையெல்லாம் அவர் குத்தினதுதான்."

அண்ணன். புதன்கிழமையும் சனிக்கிழமையும் பை நிறைய அட்டை கொண்டுவந்து இறக்கிய அண்ணன். பூ இல்லாத தொட்டியும் அண்ணன் கொடுத்ததுதானாம். அதில் அவள் ஒரு செடி வைக்கப் போகிறாளாம். நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபிறகுதான் முதல் மாடி நினைவு வந்தது. இரண்டு பேர் டீச்சரைப் படிக்கட்டில் நிறுத்தி வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பையைப் பிரித்து இடம் மாற்றலாம். அதை எங்கே போய்ப் பிரிப்பது?

அதிகாரி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்டார்: "இந்தத் துணி மாறியிருக்குன்னு உனக்கு முன்னாடியே யாராவது சொன்னாங்களா?"

"யார் சொல்லுவா சார்? மாத்தினவங்களுக்கே தப்புன்னு தெரியாதே."

அவர் தலையை ஆட்டினார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, பிள்ளைகளோடு அரைவட்டத்தில் உட்கார்ந்தார். இன்னும் ஒரு மணி நேரம் கேட்டார். இந்த முறை சோதிக்கிறமாதிரி இல்லை; தெரிந்துகொள்கிறமாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தபால்காரர் மூன்றாம் மாடிக்கு ஏறியதைப் பார்த்தேன். பின்னாலேயே நானும் ஏறினேன். இறங்கி வருகிற வரை காத்திருக்கப் பொறுமையில்லை. டீச்சர் வாசலிலேயே பிரித்துப் படித்தாள். வேதியியல் வகுப்பு தொடரலாம். அடுத்த வருஷம் மேல் வகுப்புக்கும் சேர்த்து நடத்தலாம். அடியில் ஒரு வரி: அட்டவணைத் துணியைப் பள்ளியில் யாரேனும் சரிபார்த்தபின் மாட்டவும்.

"உங்களைத்தான் சொல்றார்" என்றாள் டீச்சர்.

"தெரியுது."

அவள் உள்ளே போய், மடித்த துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மறுபடி என்னிடமே தருகிறாளே என்று அதை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக்கொண்டேன். "ஹீலியத்தைப் பழைய இடத்துல வச்சுடறேன் டீச்சர். ரெண்டாவது தூண்ல விழுந்த ஓட்டையெல்லாம் ஒட்டுப் போட்டு அடைச்சுடறேன். யாருக்கும் தெரியாது. தொட்டாலும் தெரியாது."

"அடைக்க வேண்டாம்க்கா. கேள்விக்காரி சொல்லி அனுப்பிச்சிருக்கா. அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டுமாம். அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்க விரலை வச்சு, இங்க என்ன இருந்துது, ஏன் போச்சுன்னு கேக்கணுமாம். அந்தப் பாடத்தை அவதான் நடத்துவாளாம்."

அப்படியாக, என் முட்டாள்தனத்துக்கு இனி வருஷாவருஷம் ஒரு வகுப்பு உண்டு. இதைப் பெருமை என்று நான் இஸ்திரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளைச் சோதிக்க நான் வேண்டுமென்றே மாற்றித் தைத்தேன் என்று அவர் தெருவில் சொல்லிவருகிறார். நான் மறுக்கவில்லை. சோடியத்தை யார் தடுக்க முடியும்?

டீச்சர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "இப்போ முழுசாக் கேளுங்க. அப்புறம் தையுங்க" என்று முதல் வட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். முதல் வட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் யாரோ ஏறிப் போகிற சத்தம் கேட்டது. புதுச் செருப்பு. கனமான நடை. நான்காம் மாடிக்குத்தான் போகிறது.

நான் திரும்பவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் திருப்பினேன்.

"அக்கா" என்றாள் டீச்சர்.

"சொல்லு சொல்லு. ரெண்டு பேருக்குத்தான் இடம். வந்தாச்சு, கதவைச் சாத்தியாச்சு."

அவள் எழுந்து போய் என் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.